ஹார்டு டிஸ்க் மோட்டார் உதறுகிறதா? வீட்டில் செய்யும் ஆய்வகக் கருவிகளுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், கம்ப்யூட்டர் ஃபேன், லேசர் பிரிண்டர். காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் இந்த நான்கிலும் நல்ல பிரஷ்லெஸ் மோட்டார் இருக்கிறது. அதைக் கழற்றி, ஆர்டுயினோ கன்ட்ரோலர் போர்டோடு இணைத்து, குழாய்களைச் சுழற்றிப் படியவைக்கும் சின்ன சென்ட்ரிஃபியூஜோ, காந்தத்தால் திரவத்தைக் கிளறும் மேக்னெட்டிக் ஸ்டிரரோ, சுழற்றி மெல்லிய படலம் பரப்பும் ஸ்பின் கோட்டரோ செய்யப் பார்க்கிறீர்கள். மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பிரஷ் உள்ள மோட்டாரில் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை மோட்டாரே பார்த்துக்கொள்ளும். பிரஷ்லெஸ்ஸில் அந்தப் பொறுப்பு வெளியே இருக்கும் டிரைவரிடம் வந்துவிடுகிறது. அதற்கு ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதி, இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு: மோட்டாருக்குள் இருந்து காந்தத்தை உணரும் ஹால் சென்சார், அல்லது சுற்றும்போது சுருளில் எழும் மின்னழுத்தமான பேக் இஎம்எஃப். மூன்றாவது வழி எதையும் பார்க்காமல் 'இந்நேரம் இங்கே வந்திருக்கும்' என்று நம்பி ஓட்டுவது. அதுதான் ஓப்பன் லூப். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை டிரைவர் நினைக்கும் இடமும் ரோட்டார் நிற்கும் இடமும் வேறுவேறாகிப் போவதால் வருபவை. எனவே புரோகிராம் கோடைத் திறந்து வரி வரியாகத் தேடுவதற்கு முன், நீங்கள் இந்த மூன்றில் எந்த வழியில் ஓட்டுகிறீர்கள் என்று தெளிவாகிக்கொள்ளுங்கள்.

பிழை தேடும் நேரமெல்லாம் மோட்டார் மேல் நீங்கள் மாட்டிய, குழாய்களைத் தாங்கும் சுழல் தட்டை (அதையும் ரோட்டார் என்றுதான் சொல்வார்கள்) கழற்றி வைத்துவிடுங்கள். 5 செ.மீ. ஆரத்தில் 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6000 சுற்று) என்றால் புவியீர்ப்பைப் போல் சுமார் 2000 மடங்கு. 2 கிராம் எடையுள்ள சின்னக் குழாய் 4 கிலோ போல இழுக்கும். 'ஏன் ஓடவில்லை' என்று குனிந்து பார்க்கும்போதுதான் இவை திடீரென்று ஓடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 2.5 அங்குல லேப்டாப் டிஸ்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, உடைந்தால் தூள் தூளாகும். அதை ரோட்டாராகப் பயன்படுத்தவே வேண்டாம்.

எதுவுமே நடக்கவில்லை, சத்தம்கூட இல்லை

ட்ரோன், ஆர்சி விமானங்களில் பிரஷ்லெஸ் மோட்டாரை ஓட்டும் டிரைவரான இஎஸ்சி வைத்திருந்தால் முதலில் காதைப் பயன்படுத்துங்கள். பவர் கொடுத்ததும் கேட்கும் 'பீப்' இஎஸ்சிக்குள் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை. மோட்டாரின் சுருள்களையே அதிரவைத்துத்தான் அது அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. ஆகவே பீப் கேட்டால் பவர் வருகிறது, சுருளும் இணைந்திருக்கிறது என்று பொருள். கேட்கவில்லை என்றால் பவர் வயர், அல்லது மோட்டார் வயர். ஹார்டு டிஸ்க் மோட்டாரில் சத்தம் ரொம்ப மெல்லியதாக இருக்கும். விரல் நுனியை மோட்டார் மேல் வைத்தால் அதிர்வு தெரியும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஹார்டு டிஸ்க் மோட்டாரில் மூன்று அல்லது நான்கு முனைகள் இருக்கும். நான்கு இருந்தால் ஒன்று சென்டர் டேப், அதாவது மூன்று சுருளும் சேரும் இடம். ஆறு ஜோடிகளையும் அளந்து பாருங்கள். மூன்று ஜோடி 1.2 ஓம், மற்ற மூன்று ஜோடி 2.4 ஓம் என்பதுபோல ஒன்றுக்கு இரண்டாக வரும். குறைந்த அளவு காட்டும் மூன்று ஜோடிகளிலும் பொதுவாக இருக்கும் முனைதான் சென்டர் டேப். அதை இஎஸ்சியோடு இணைக்க வேண்டாம், சும்மா விட்டுவிடுங்கள்.

இவ்வளவு சிறிய எண்களை அளக்கும்போது மீட்டர் வயரின் சொந்த மின்தடையே குழப்பும். இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்காமல் பார்த்தால் 1.6-ம் 2.8-ம் வரும்; 'ஒன்றுக்கு இரண்டு இல்லையே' என்று நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது, சுற்றவில்லை

இஎஸ்சி சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. அதற்கு வேண்டியது சர்வோ மோட்டாருக்குக் கொடுக்கும் அதே துடிப்பு: துடிப்பின் நீளம் 1000 மைக்ரோ செகண்டு என்றால் நிற்கும், 2000 என்றால் முழு வேகம். பவர் வந்ததும் சில நொடிகள் 1000-ஐப் பார்த்தால்தான் அது 'ஆர்ம்' ஆகும், அதாவது ஓடத் தயாராகும். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, கோளாறு இல்லை.

இங்கே வழக்கமாகச் சிக்கும் இடம் ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி. அதில் சும்மா பின் எண்ணை மட்டும் கொடுத்து, கோணம் 0 என்று எழுதினால் வெளியே வருவது 544 மைக்ரோ செகண்டு. பல இஎஸ்சிகள் இதை உருப்படாத சிக்னல் என்று ஒதுக்கிவிடும். அட்டாச் செய்யும்போதே 1000, 2000 என்று இரு எல்லைகளையும் கொடுத்துவிட்டு, கோணத்தை விட்டு மைக்ரோ செகண்டிலேயே எழுதுங்கள்.

அப்படியும் ஆர்ம் ஆகவில்லையா? இஎஸ்சியின் சிக்னல் வயரோடு வரும் கருப்பு அல்லது பிரவுன் வயர் ஆர்டுயினோ கிரவுண்டில் இருக்கிறதா பாருங்கள். சிக்னல் ஒற்றை வயரை மட்டும் இணைத்துவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் நிறையப் பேர். நடுவில் இருக்கும் சிவப்பு வயர் இஎஸ்சியிலிருந்து வரும் 5 வோல்ட். ஆர்டுயினோவை யுஎஸ்பியில் இணைத்திருக்கும்போது அதையும் சேர்த்து இணைக்காதீர்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் ஆர்ம் ஆகவில்லை என்றால் கேலிப்ரேஷன், அதாவது இரு எல்லைகளையும் இஎஸ்சிக்குக் கற்றுக்கொடுப்பது. ரோட்டார் இல்லாமல், 2000 சிக்னலைக் கொடுத்துக்கொண்டே இஎஸ்சிக்குப் பவர் கொடுங்கள். பீப் மாறியதும் 1000-க்கு இறக்குங்கள். முடிந்தது.

உதறுகிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, கிளம்ப மறுக்கிறது

கழற்றி எடுத்த மோட்டார்களில் தலையாய பிரச்சினை இதுதான். காரணம் தெரிந்தால் தீர்வு எளிது. பேக் இஎம்எஃப் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப எழுவது. நிற்கும் மோட்டாரில் அது பூஜ்யம். ஆகவே சென்சார் இல்லாத இஎஸ்சி முதல் சில திருப்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தள்ளுகிறது. ரோட்டார் நகர்ந்து கொஞ்சம் மின்னழுத்தம் எழுந்ததும் பிடித்துக்கொள்கிறது. இஎஸ்சி செய்தவர்கள் மனதில் வைத்திருப்பது இலேசான புரொபெல்லர், தொட்டால் சுற்றும். அதன் தலையில் நீங்கள் நான்கு குழாய் மாட்டிய ரோட்டாரை வைக்கிறீர்கள். அது நகரத் தொடங்குமுன் இஎஸ்சி அடுத்த சுருளுக்குப் போய்விடுகிறது.

முதல் சோதனை சுமையில்லாமல் ஓட்டுவது. அப்போதும் உதறினால் சுமையைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் ஒரு ஃபேஸ் (மூன்று சுருள் இணைப்புகளில் ஒன்று) அறுந்திருக்கும். மூன்றில் இரண்டு ஃபேஸ் மட்டும் இணைந்திருக்கும் மோட்டார், கிளம்பத் திணறும் மோட்டாரைப் போலவே அசலாக உதறும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்கின் மெல்லிய ஃபிளெக்ஸ் பட்டையில் சால்டரிங் செய்த இடம்தான் முதல் சந்தேகம். அங்கே சூடு அதிகமானால் செம்பு பட்டையோடு உரிந்து வந்துவிடும், குறைந்தால் சரியாக ஒட்டாத கோல்டு சால்டர். இஎஸ்சி முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு, பட்டையை மெல்ல அசைத்து, மூன்று ஜோடியும் ஒரே அளவாக நிற்கிறதா என்று பாருங்கள். அசைக்கும்போது ஒரு ஜோடி மட்டும் நிலையாக நின்று மற்ற இரண்டும் தாவினால், அந்த இரண்டுக்கும் பொதுவான முனைதான் குற்றவாளி, ஆள் அகப்பட்டான்.

சுமையில்லாமல் நன்றாக ஓடி, ரோட்டார் மாட்டினால் மட்டும் உதறினால் இந்த வரிசையில் போங்கள். இஎஸ்சியின் புரோகிராம் மெனுவில் டைமிங்கைக் குறைந்த நிலைக்கு, ஸ்டார்ட்டை மென்மையான நிலைக்கு, பிரேக்கை அணைத்து வையுங்கள். பிஎல்ஹெலி ஃபர்ம்வேர் உள்ளதென்றால் ஸ்டார்ட்அப் பவரைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். அப்புறம் உங்கள் கோடு. 1000-லிருந்து ஒவ்வொரு மைக்ரோ செகண்டாக ஏறுவது கவனமான வேலைபோலத் தோன்றும். ஆனால் இஎஸ்சி ஓட்டத் தொடங்கும் விளிம்பிலேயே அது நிறைய நேரம் தங்கிவிடுகிறது, அங்கேதான் உதறல் மோசம். மோட்டார் தெளிவாகக் கிளம்பும் புள்ளியைச் சுமையோடு கண்டுபிடியுங்கள், உதாரணமாக 1120. அங்கே நேராகத் தாவி, ஒரு நொடி நின்று, பிறகு 50 மில்லி செகண்டுக்கு 5 மைக்ரோ செகண்டு வீதம் ஏற்றுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் மோட்டாரின் திராணி அவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்வது நல்லது. 3.5 அங்குல டிஸ்க் தன் சொந்தத் தட்டுகளை 7200 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோகவே சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கிறது. பிலிமைக் கண்ணாடித் துண்டில் பரப்பும் ஸ்பின் கோட்டருக்கு இது போதும். ஆறு குழாய் சென்ட்ரிஃபியூஜுக்கு ட்ரோனில் வரும், வெளிக்கூடு சுற்றும் அவுட்ரன்னர் மோட்டார்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அங்கே வேறு ஆபத்து: 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 1000 ஆர்பிஎம்) மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் 11,100 ஆர்பிஎம். வீட்டில் செய்த ரோட்டார் அதைத் தாங்காது. கோடில் உச்சவரம்பை எழுதிவையுங்கள், பேட்டரியையும் ஒரு செல் குறைத்துப் போடுங்கள்.

டிஸ்கின் சொந்த போர்டில் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது

நிற்கத்தான் செய்யும். ரீடிங் ஹெட்டைக் கழற்றிவிட்டீர்கள். போர்டு ஹெட்டிலிருந்து வரும் சிக்னலைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, மோட்டாரை அணைத்துவிடுகிறது. இதைச் சரிசெய்யப் பார்ப்பது நேர விரயம். போர்டைக் கழற்றிவிட்டு இஎஸ்சிக்கு மாறுங்கள். மோட்டாரை மட்டும் அலுமினிய உடலிலிருந்து பிரித்தெடுக்காதீர்கள். அந்த உடல்தான் அதற்கு அடித்தளம், ஹீட் சிங்க் எல்லாம்.

மெதுவாக நன்றாக ஓடுகிறது, வேகம் ஏற்றினால் கத்திக்கொண்டு நின்றுவிடுகிறது

இது ஓப்பன் லூப்பின் கையெழுத்து. எல்298 போன்ற மோட்டார் டிரைவர் ஐசியை வைத்து, ஆறு படிகளை வரிசையாக மாற்றி, இடையில் டிலே போட்டு ஓட்டுகிறீர்கள். ஒரு கட்டத்தில் ரோட்டார் பின்தங்குகிறது. டிரைவருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு மேலே போகிறது. ரோட்டார் நின்ற இடத்திலேயே கீச்சென்று அதிர்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு இறுக்கம் என்று புரியும். முதலில் போல் ஜோடிகளை, அதாவது ரோட்டார் காந்தத்தின் வடக்கு-தெற்கு ஜோடிகளை, எண்ணுங்கள். இரண்டு ஃபேஸுக்கு இடையே 1 அல்லது 2 வோல்ட் டிசி கொடுத்துவிட்டு, ரோட்டாரைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஒரு முழுச் சுற்றில் எத்தனை இடத்தில் 'டக்'கென்று உட்காருகிறதோ அத்தனை ஜோடி. 4 என்றால் 7200 ஆர்பிஎம்முக்கு நொடிக்கு 480 மின்சுழற்சி, 2880 படி. ஒரு படிக்கு 347 மைக்ரோ செகண்டு. 6 என்றால் 231 மைக்ரோ செகண்டுதான். இந்த நெருக்கடிக்கு நடுவே நீங்கள் வேகத்தைத் திரையில் பார்க்கலாம் என்று 9600 பாட் ரேட்டில் சீரியல் பிரிண்ட் போட்டிருப்பீர்கள். அந்த வேகத்தில் ஓர் எழுத்து போக ஒரு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். பஃபர் நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது. நிரம்பியதும் கோடு காத்திருக்கத் தொடங்கும், ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று நான்கு படிகள் தவறும். 'நன்றாக ஓடிவிட்டு அரை நொடியில் நிற்கிறது' என்பவர்கள் முதலில் பிரிண்ட் வரிகளை நீக்கிவிட்டுப் பார்க்கட்டும். படி மாற்றத்தை டைமர் இன்டரப்ட்டுக்குள் (மற்ற வேலையை இடைநிறுத்திக் குறித்த நேரத்தில் ஓடும் பகுதிக்குள்) கொண்டுபோவதுதான் நிலையான தீர்வு.

வேகம் ஏற்றும் விதத்திலும் தவறு நடக்கும். டிலேயை ஒவ்வொரு படிக்கும் 50 மைக்ரோ செகண்டு குறைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 20,000-லிருந்து 50 குறைவது ஒன்றுமில்லை. 347-லிருந்து 50 குறைந்தால் வேகம் ஒரே தாவலில் 17 சதவீதம் கூடுகிறது. எந்த ரோட்டாரும் அதைப் பின்தொடராது. டிலேயைக் குறைக்காதீர்கள்; நொடிக்கு எத்தனை படி என்பதை ஒவ்வொரு 10 மில்லி செகண்டுக்கும் ஒரே அளவில் கூட்டி, அதிலிருந்து டிலேயைக் கணக்கிடுங்கள்.

மின்னழுத்தமும் வேகத்தோடு ஏற வேண்டும். 2.4 ஓம் சுருளுக்கு நிற்கும் நிலையில் 12 வோல்ட் கொடுத்தால் 5 ஆம்பியர் போகப் பார்க்கும். எல்298-இன் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் எல்லை. தொடக்கத்தில் 20 சதவீத பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்து சராசரியைக் குறைப்பது), மேலே போகப் போகக் கூட்டுவது. எல்298 தானே 2 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிட்டு அதைச் சூடாக வெளியிடும். புதிதாக வாங்குவதென்றால் மூன்று ஃபேஸுக்கென்றே செய்த எல்6234 அல்லது டிஆர்வி8313 வாங்குங்கள். சிம்பிள்எஃப்ஓசி லைப்ரரி இவற்றை நேரடியாக ஓட்டும். தண்டின் முனையில் ஒரு காந்தமும் ஏஎஸ்5600 சென்சாரும் வைத்துவிட்டால் ஊர்ந்து போகும் வேகத்தில்கூட வழுவழுவென்று சுற்றும். சென்ட்ரிஃபியூஜை மட்டும் ஓப்பன் லூப்பில் ஓட்டாதீர்கள். அது நின்றுவிட்டது உங்கள் கோடுக்குத் தெரியாது, டைமர் பாட்டுக்கு 'பத்து நிமிடம் முடிந்தது' என்று காட்டும்.

டிவிடி டிரைவ் மோட்டாரில் ஹால் சென்சார் எதையுமே காட்டவில்லை

டிவிடி, சிடி டிரைவ் மோட்டார்கள் பலவற்றில் மூன்று ஹால் சென்சார் இருக்கும், பட்டையில் பதினொன்று போல வயர் வரும். அதைப் பார்த்ததும் டிஜிட்டல் பின்னில் இணைத்தால் எப்போதும் ஒரே நிலையைக் காட்டும். காரணம், அவை பெரும்பாலும் ஆன், ஆஃப் என்று சொல்லும் ஹால் சுவிட்ச் அல்ல. வெறும் ஹால் எலிமென்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு வெளியீடு, இரண்டுக்கும் இடையில் சில பத்து மில்லி வோல்ட் வித்தியாசம்தான். நடுவில் இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு ஆன், ஆஃப் என்று சொல்லும் எல்எம்339 போன்ற கம்பேரேட்டர் வேண்டும். எலிமென்ட்டுகளுக்கான பவரை நேராக 5 வோல்ட்டில் கொடுக்காமல் சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள்.

கம்பேரேட்டருக்குப் பிறகு மோட்டாருக்குப் பவர் இல்லாமல் கையால் திருப்பி, மூன்று பிட்டையும் ஒரே எண்ணாக்கித் திரையில் பாருங்கள். 1, 3, 2, 6, 4, 5 என்று வர வேண்டும், அல்லது இதையே பின்னாலிருந்து. 0 அல்லது 7 வந்தால் ஒரு சென்சாரின் வயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒன்றின் இரு வெளியீடுகள் மாறியிருக்கின்றன. இந்த வரிசை சரியாக வரும்வரை ஃபேஸ் வயர்களைத் தொட வேண்டாம். வந்த பிறகு, ஹாலை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று ஃபேஸ் வயரை ஆறு விதமாக மாற்றிப் பார்க்கலாம், கரண்ட் லிமிட் வைத்த சப்ளையில். 'சுற்றுகிறது' என்பது மட்டும் போதாது. தவறான இணைப்பிலும் சில மோட்டார் சூடாகிக்கொண்டே சுற்றும். ஆறில் குறைந்த கரண்ட்டில் அமைதியாக ஓடுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் கிளம்பும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. வேகம் குறைக்கும்போது பவர் சப்ளை அணைகிறது

முதலாவது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. கிளம்பும் கரண்ட்டில் சப்ளை ஒரு கணம் விழுகிறது. இரண்டுக்கும் தனித்தனி சப்ளை, கிரவுண்டு மட்டும் ஒரே புள்ளியில் பொது, இஎஸ்சியின் பவர் முனையில் 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். சப்ளையிலிருந்து இஎஸ்சிக்கு வரும் வயரைக் குட்டையாக வையுங்கள். தூரம் தேவைப்பட்டால் மோட்டார் பக்க வயரை நீட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். கரண்ட் குறையும்போது ஏன் எஸ்எம்பிஎஸ் (சுவிட்ச் மோடு பவர் சப்ளை) அணைய வேண்டும்? பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராகி, ரோட்டாரில் சேர்ந்த ஆற்றலை சப்ளைக்கே திருப்பி அனுப்புகிறது. பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் வாங்காது, அதன் வெளியீடு 12-ஐத் தாண்டி ஏறுகிறது, ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு அதை அணைத்துவிடுகிறது. இஎஸ்சியில் பிரேக்கை அணைத்துவிட்டுத் தானாக ஓடி நிற்கவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜுக்கு எப்படியும் அதுதான் நல்லது, சட்டென்று நிறுத்தினால் அடியில் படிந்தது மறுபடி கலங்கும்.

மாஸ்ஃபெட் சுடுகிறது, அல்லது புரோகிராம் ஏற்றும்போதெல்லாம் போய்விடுகிறது

மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களை வைத்துச் சொந்தமாக டிரைவர் பிரிட்ஜ் கட்டியவர்களுக்கு மட்டும் இது. ஐஆர்எஃப்இசட்44என் கையில் இருக்கிறது என்று போட்டிருந்தால் அதுவே காரணம்: அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும், ஆர்டுயினோ தருவது 5. பாதி திறந்த நிலையில் நின்று சுடுகிறது. ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட், அல்லது கேட் டிரைவர் ஐசி.

புரோகிராம் ஏற்றும்போது மட்டும் போகிறதென்றால் அந்த நேரத்தில் ஆர்டுயினோவின் பின்கள் எந்தப் பக்கமும் சேராமல் மிதக்கின்றன. மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து திறந்தால் சப்ளை நேராக ஷார்ட். டிரைவர் ஐசியின் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். பூட்ஸ்ட்ராப் வகை டிரைவர் என்றால் 100 சதவீத டியூட்டி (எந்நேரமும் ஆன்) கொடுக்காதீர்கள். கீழ்ப்பக்கம் இடையிடையே திறந்தால்தான் மேல்பக்க கெபாசிட்டர் நிரம்பும்.

ஃபேனில் செய்த ஸ்டிரர்: கீச்சிடுகிறது, வேகம் மாறவில்லை, கிளறும் காந்தம் துள்ளுகிறது

மெதுவாகக் கிளறும் வேலைக்கு என் ஓட்டு எப்போதும் நான்கு வயர் கம்ப்யூட்டர் ஃபேனுக்குத்தான். ஹால் சென்சாரும் டிரைவரும் உள்ளேயே இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் மோட்டாரை 300 ஆர்பிஎம்மில் இஎஸ்சி வைத்து ஓட்டப் போராடுவது தேவையில்லாத மல்லுக்கட்டு.

கீச்சொலிக்குக் காரணம் ஆர்டுயினோவின் அனலாக்ரைட் கட்டளை தரும் 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம். ஃபேன் எதிர்பார்ப்பது 25 கிலோ ஹெர்ட்ஸ். ஊனோ போர்டில் டைமர் 1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் வைத்து, ஐசிஆர்1-இல் 320 எழுதினால் 16 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் சரியாக 25 கிலோ ஹெர்ட்ஸ் வரும். பின் 9-இல் 0 முதல் 320 வரை டியூட்டி கொடுக்கலாம்.

வேகமே மாறவில்லை, எப்போதும் முழு வேகம் என்றால் பிடபிள்யூஎம் வயர் ஃபேனுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வயர் மிதந்தால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நேற்றுவரை வேலை செய்து, இன்று ஒரு சர்வோவையோ இஎஸ்சியையோ சேர்த்ததும் நின்றுபோனால், சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐப் பிடுங்கிக்கொண்டது. ஊனோவில் அது வந்தால் பின் 9, 10 இரண்டிலும் பிடபிள்யூஎம் போய்விடும். ஈஎஸ்பி32 பயன்படுத்துபவர்கள் ஃபேனின் பிடபிள்யூஎம் வயரை நேராக இணைக்காமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இழுங்கள், ஃபேன் பக்கத்தில் 5 வோல்ட் புல்அப் இருக்கிறது.

ஃபேன் சில நொடிக்கு ஒருமுறை கிளம்பப் பார்த்து நிற்கிறதா? அது லாக் பாதுகாப்பு, சுற்ற முடியாமல் சிக்கினால் ஃபேன் தானே நிறுத்திக்கொள்வது. ஒட்டிய காந்தம் மூடியில் உரசுகிறது, அல்லது அந்த நியோடிமியம் காந்தத்தின் புலம் ஃபேனின் சொந்த ஹால் சென்சாரைக் குழப்புகிறது. இரண்டாவதை யாரும் சந்தேகிப்பதில்லை. காந்தத்துக்கும் ஃபேன் குமிழுக்கும் இடையே 5 மி.மீ. அக்ரிலிக் துண்டு வைத்தால் பெரும்பாலும் தீரும்.

கிளறும் காந்தம் துள்ளி ஓரத்துக்குப் போனால், கீழே உள்ள இரண்டு காந்தங்களில் ஒன்று வடக்கு மேலாகவும் மற்றது தெற்கு மேலாகவும் இருக்கிறதா, இரண்டுக்கும் இடைவெளி கிளறும் காந்தத்தின் நீளத்தை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அதோடு மெதுவாக வேகம் ஏற்றுங்கள். ஃபேன் கிளம்ப மட்டும் 20, 30 சதவீதம் தேவைப்படும், கிளம்பியதும் இறக்கிக்கொள்ளலாம்.

மோட்டார் நிற்கிறது, மீட்டர் 6000 ஆர்பிஎம் காட்டுகிறது

அறை விளக்கை அணையுங்கள். எண் மறைந்துவிட்டதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. டிசிஆர்டி5000 போன்ற ஐஆர் சென்சார் அதையும் எண்ணிவிடலாம். நொடிக்கு 100 என்பது நிமிடத்துக்கு 6000. சென்சாரைச் சுற்றிக் கருப்புக் குழல் போட்டு, கம்பேரேட்டரில் கொஞ்சம் ஹிஸ்டெரிசிஸ் (ஆன் ஆகும் அளவுக்கும் ஆஃப் ஆகும் அளவுக்கும் இடைவெளி) கொடுங்கள்.

இதே மினுக்கலைச் சரிபார்ப்புக்கும் பயன்படுத்தலாம். ரோட்டாரில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு போட்டு அந்த விளக்கில் பாருங்கள்: சரியாக 6000-இல் கோடு அசையாமல் நிற்கும், 3000-இல் எதிரெதிராக இரண்டு கோடு தெரியும். செலவில்லாத டேக்கோமீட்டர். ஆனால் அப்படி நிற்பதுபோலத் தெரியும் ரோட்டாரில் கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால் பவரை வெட்டும் சுவிட்ச் இதற்குத்தான்.

வேகம் சரியாக இரண்டு மடங்கு காட்டினால், ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தருகிறது என்பதை மறந்திருப்பீர்கள். எப்போதாவது ஒரே ஒருமுறை மட்டும் அபத்தமான எண் வந்து போனால், அது வயர் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். ஊனோவில் இருக்கும் எட்டு பிட் ஏவிஆர் சிப் நான்கு பைட் எண்ணை ஒரே மூச்சில் படிப்பதில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே இன்டரப்ட் வந்து பாதியை மாற்றிவிடுகிறது. இன்டரப்ட்டை ஒரு கணம் நிறுத்தி, எண்ணைப் பிரதி எடுத்துவிட்டு மறுபடி திறந்துவிடுங்கள். 4 மில்லி செகண்டுக்குக் குறைவான இடைவெளிகளை ஒதுக்கிவிட்டால் 15,000-க்கு மேற்பட்ட பொய் எண்களும் வராது.

லேசர் பிரிண்டர் மோட்டார் 24 வோல்ட் கொடுத்தும் அசையவில்லை

அந்த மோட்டாரின் போர்டிலேயே டிரைவர் இருக்கிறது. பலவற்றில் ஸ்டார்ட் பின்னைக் கிரவுண்டுக்கு இழுத்து, கிளாக் பின்னில் ஒரு சதுர அலையும் கொடுத்தால்தான் சுற்றும். அந்த அலையின் அதிர்வெண்தான் வேகத்தை முடிவு செய்கிறது. ஆர்டுயினோவின் டோன் கட்டளை போதும், சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். வேகம் மிகத் துல்லியமாக நிற்கும், இழுவை ரொம்பக் குறைவு.

குறிப்பிட்ட வேகத்தில் மேசையே அதிர்கிறது

ஒரு வேகத்தில் மட்டும் அதிர்ந்து, தாண்டினால் அடங்குகிறதென்றால் ரெசனன்ஸ். அந்த வேகத்தில் தங்காமல் சட்டென்று கடந்துபோகும்படி கோடை மாற்றுங்கள், அடியில் ரப்பர் கால் வையுங்கள். வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறிக்கொண்டே போனால் எடைச் சமநிலை. எதிரெதிர்க் குழாய்களுக்கு இடையே 0.1 கிராம் வித்தியாசம் இருந்தாலே 5 செ.மீ. ஆரம், 6000 ஆர்பிஎம்மில் 200 கிராம் எடை நொடிக்கு 100 முறை திசை மாற்றி இழுப்பதற்குச் சமம். கண்ணளவில் நீர் ஊற்றாமல் நகைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்துப் போடுங்கள்.

குழாயே இல்லாமல் வெறும் ரோட்டாரிலும் அதிர்ந்தால் அது நடுவில் உட்காரவில்லை. 3.5 அங்குல டிஸ்க் தட்டின் நடுத்துளை 25 மி.மீ.; உங்கள் ரோட்டாரின் துளையை அந்த அளவுக்கு இறுக்கமாகச் செய்து, தட்டைப் பிடித்திருந்த அதே வளையத்தாலும் திருகுகளாலும் இறுக்குங்கள்.

ரோட்டாரையும் கழற்றிய பிறகு கரகரப்பு மிச்சமிருந்தால் பேரிங். பவர் இல்லாமல் விரலால் சுழற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். பழைய டிஸ்குகளில் பால் பேரிங், தேய்ந்தால் கரகரக்கும். பிந்தையவற்றில் எண்ணெய்ப் படலத்தில் சுற்றும் ஃப்ளூயிட் பேரிங். சத்தமே இருக்காது, ஆனால் ஒரு திசைக்கென்று வெட்டிய பள்ளங்கள்தான் அந்த எண்ணெயை அழுத்திப் பிடித்திருக்கின்றன. தலைகீழ்த் திசையில் தொடர்ந்து ஓட்டினால் படலம் நிற்காது, உலோகம் உலோகத்தோடு உரசும். கழற்றுமுன் தட்டு எந்தப் பக்கம் சுற்றியது என்று குறித்துவைத்து, இஎஸ்சியில் ஏதாவது இரண்டு வயரை மாற்றி அதே திசைக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே கரகரக்கும் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுப் பிழைக்கவைக்கப் பார்க்காமல் இன்னொரு டிஸ்கைத் திறந்துவிடுங்கள்.